மாமரமும் பிசினும் சேர்ந்த மேஜை

அரால்டைட் தெரியாத வீடு உண்டா? உடைந்த சாமானை ஒட்ட இரண்டு டியூபைப் பிதுக்கிக் குழைப்போமே, அந்த எபாக்ஸி இனத்துப் பிசின்தான் இன்று மேஜையாகவும் வந்து நிற்கிறது. கோணல்மாணலான ஓரம் கொண்ட இரண்டு பலகைகளை எதிரெதிரே வைத்து, நடுவே நீலமோ பச்சையோ கலந்து ஊற்றினால் ஆறு ஓடுவது போலவே இருக்கும். யாருக்குத்தான் ஆசை வராது?

ராஜபாளையத்தில் எங்கள் தோப்பில் மாமியார் வைத்த சப்பட்டை மாமரம் ஒன்று காற்றில் சாய்ந்தது. விறகுக்குப் போட மனமில்லை. பலகையாக அறுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆசாரியிடம் கொண்டுபோனோம். மகளின் வளைகாப்புக்குள் மேஜை வந்துவிட வேண்டும் என்று என் கணவருக்கு அவசரம். ஆசாரி ஒரு சின்ன மீட்டரின் ஊசிகளைப் பலகையில் அழுத்தினார். ஈரம் 26 சதவீதம்!

“மரம் இன்னும் காயலை தாயி. இப்போ ஊத்தினா ஆறு மாசத்துல பலகை சுருங்கி, பிசினை விட்டுப் பிரிஞ்சுக்கும். பணம் எனக்கு, தலைவலி உங்களுக்கு” என்றார்.

வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிற தச்சரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டுமாம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் உலர்த்துவது பழைய கணக்கு. உலர்த்தும் சூளை கிடைத்தால் சில வாரம் போதும். மாம்பலகையை உளு சீக்கிரம் அரிக்கும் என்பதால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலும் பூச வேண்டும். வளைகாப்புப் பந்தி பாயிலேயே நடந்தது. யாரும் குறை சொல்லவில்லை!

தேக்கு, ஈட்டி வேண்டுமென்றால் மரவாடியில் பில் போட்டுத்தான் வாங்க வேண்டும். நம் இரண்டு ஊரும் மலையடிவாரம். அந்த மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். பில் இல்லாத மரம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

விலை ஏறுவது பெரும்பாலும் பிசினால்தான். கணக்கு சுலபம். ஆற்றின் நீளம் 120 செ.மீ., அகலம் 15, ஆழம் 4 என்றால் பெருக்கிப் பாருங்கள்: 7,200 கன செ.மீ., அதாவது 7 லிட்டருக்கு மேல். எடை சுமார் 8 கிலோ. கிலோ விலையைக் கேட்டுக்கொண்டால் பாதி பேரம் முடிந்தது. அகலத்தை 8 ஆகக் குறைத்தேன், செலவும் ஏறக்குறைய பாதியானது. ஓடையாக இருந்தால் என்ன, அழகு குறைந்துவிடுமா?

பிசினையும் ஹார்டனரையும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் நிறுத்துக் கலக்க வேண்டும், கண்ணளவு உதவாது. அவை சேர்ந்தால் சூடு பிறக்கும். அந்தப் பிசினுக்குச் சொன்ன கனத்துக்கு மேல் ஒரேயடியாக ஊற்றினால் கொதித்து வெடிப்பு விழும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. இறுகாத பிசினும் ஹார்டனரும் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் அரிப்புதான். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பட்டறைப் பக்கம் போக வேண்டாம். தேய்க்கும்போது பறக்கும் தூசியும் ஆகாது. எங்கள் ஆசாரி வெறுங்கையோடு கலக்கப் போனார். கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வேலையைத் தொடவிட்டேன்.

இரண்டு மூன்று நாளில் தொட்டால் கல் போலிருக்கும். உள்ளே முழுக்க இறுக ஒரு வாரம் முதல் ஒரு மாதம்கூட ஆகலாம். பேத்தி தவழ்ந்துபோய் எதையும் நக்கும் வயது. அதனால் ஒரு மாதம் பட்டறையிலேயே இருக்கட்டும் என்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில பத்தியங்கள் உண்டு. இந்தப் பிசின்களில் பல 50, 60 டிகிரிச் சூட்டிலேயே இளகும். இட்லிக் கொப்பரையை அப்படியே இறக்கினால் வட்டத் தழும்புதான், பிரிமணை வேண்டும். காய் நறுக்குவதும் மாவு பிசைவதும் வேண்டாம். நெயில்பாலிஷ் அழிக்கும் திரவம் ஆகவே ஆகாது. ஜன்னல் வெயில் பட்டால் பிசின் மஞ்சளிக்கும். துடைக்க ஈரத்துணி போதும்.

கூலியில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பதாக முன்பே பேசியிருந்தோம். “ஐப்பசி மழை கழியட்டும், பிளவு இல்லைன்னா குடுங்க தாயி” என்று ஆசாரியே சொன்னார். கார்த்திகை பிறந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.