கைக்குழந்தையும் கைவேலையும்

1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது தோட்டத்தையும் கிணற்றையும் எம்மால் கொண்டுவர முடியவில்லை. ஓலை இழைக்கும் பழக்கம் மட்டும் எமது பெண்களின் கைகளோடு வந்தது. இன்று அது அவர்களின் மகள்மாரிடம் இருக்கிறது.

பிள்ளை பெற்ற இளந்தாய் மீண்டும் உழைக்க எண்ணும்போது இவ்வேலை கைகொடுக்கும். பனங்குருத்தை அவித்து, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, அளவாக வார்ந்து வைத்தால், பிள்ளை உறங்கும் நேரத்தில் பெட்டி இழைக்கலாம். அழுதால் அப்படியே வைத்துவிட்டு எழும்பலாம். கூலிக்கு நாற்று நடப் போனால் அந்த வசதி இல்லை.

ஆயினும், "வீட்டில் சும்மா இருந்து செய்ததுதானே" என்று கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். ஓலை, சாயம், விறகு, பஸ் காசு ஆகியவற்றுடன் இழைத்த மணித்தியாலங்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு விலை சொல்லுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து விற்றால் விலை பேசும் பலம் கூடும். 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையிடம் கைப்பணிப் பயிற்சி பற்றியும் விசாரியுங்கள்.

கணவன்மாருக்கும் மாமிமாருக்கும் ஒரு சொல்: அவர் இழைக்கும் நேரத்தில் பிள்ளையை ஏந்துவதும் தண்ணீர் அள்ளுவதும் உங்கள் பங்கு. காணி திரும்பிக் கிடைத்த பின்னரும் அவருடைய உழைப்பு தொடரட்டும். அந்தக் காசு அவர் கையில் இருக்கட்டும்.