கதவைச் சாத்தினால் கஞ்சி வந்துவிடுமா?



2019 அக்டோபர் 11, 12 ஆகிய இரு நாட்களும் மாமல்லபுரம் மணக்கோலம் பூண்டிருந்தது. சாலையெல்லாம் தோரணம், சந்தியெல்லாம் காவல்! சீனத்துத் தலைவர் ஷி ஜின்பிங் வந்தார். பிரதமர் மோடி வேட்டி கட்டி வரவேற்றார். அர்ச்சுனன் தபசு பார்த்தார்கள், ஐந்து ரதம் பார்த்தார்கள், இளநீர் பருகினார்கள். நாடே அந்தப் படங்களைக் கண்டு களித்தது.

படத்தைப் பார்த்தோம். பேச்சைக் கவனித்தோமா?

பேசியவற்றிலே வாணிபமும் ஒன்று. 2018-19இல் நாம் சீனத்துக்கு விற்றதைவிட, சீனத்திலிருந்து வாங்கியது 5,300 கோடி டாலருக்கு மேல் அதிகம். அந்தப் பள்ளத்தை எப்படி நிரப்புவது என்று ஆராய, அமைச்சர்கள் நிலையிலே ஒரு பேச்சுக்குழு அமைப்பதென்று முடிவு செய்தனர்.

மூன்று வாரம் சென்றது. நவம்பர் 4ஆம் நாள், பாங்காக்கிலே இந்தியா ஒரு சொல் சொன்னது: "சேரமாட்டோம்!"

எதிலே? ஆர்.சி.இ.பி. என்ற வாணிபக் கூட்டிலே. தென்கிழக்கு ஆசிய நாடுகள் 10, அவற்றோடு சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா. இந்த நாடுகள் தமக்குள்ளே சுங்கவரியைக் குறைத்துக்கொள்ளப் பேசத் தொடங்கியது 2012இல். ஏழாண்டு பேசிவிட்டு, வாசற்படியிலே இந்தியா திரும்பிவிட்டது. மற்ற 15 நாடுகளும் 2020 நவம்பர் 15இல் கையெழுத்திட்டன. 2022 சனவரி 1இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

திரும்பி வந்தது தவறு என்று நான் வாதாடவில்லை. நியூசிலாந்துப் பால்பவுடர் மலிவாக வந்து குவிந்தால், மதுராந்தகத்துப் பக்கம் இரண்டு மாடு வைத்துக்கொண்டு பால் ஊற்றுபவன் என்ன ஆவான்? அந்த அச்சத்திலே நியாயம் உண்டு. ஆனால், கதவைச் சாத்தியதோடு கடமை முடிந்ததா? அதுதான் என் கேள்வி.

சாத்திய பிறகு என்ன நடந்தது? 2024-25இல் சீனத்தோடு நமக்குள்ள வாணிபப் பள்ளம் ஏறக்குறைய 9,900 கோடி டாலர்! கதவு சாத்தியிருக்கிறது, சரக்கோ சன்னல் வழியே வருகிறது.

அதே 2019 நவம்பர் 29இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. அந்த மாவட்டத்து மறைமலைநகரிலே ஃபோர்டு கார் ஆலை இருந்தது. 2021 செப்டம்பரிலே, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. பத்தாண்டிலே 200 கோடி டாலர் நட்டம் என்று காரணம் காட்டியது. 2022 ஜூலையில் மறைமலைநகரின் கடைசிக் கார் வெளியே வந்தது. ஆர்.சி.இ.பி.யில் சேராததால் மூடினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சேராமல் இருந்ததும் அந்தத் தொழிலாளியைக் காப்பாற்றவில்லை என்றுதான் சொல்கிறேன். 2024இல், ஏற்றுமதிக்காக அந்த ஆலையைத் திரும்பவும் நடத்த விரும்புவதாகக் கடிதம் கொடுத்தார்கள். முதல் போட்டவன் போவான், வருவான். வாடகை வீட்டிலே மனைவி மக்களோடு இருப்பவன் எங்கே போவான்?

கடல்கடந்து, பிரிட்டனைப் பாருங்கள். அங்கே மக்களைக் கேட்டார்கள். 2016 சூன் 23இல் வாக்கெடுப்பு. ஐரோப்பியக் கூட்டிலிருந்து விலகு என்றவர் நூற்றுக்கு 51.9, இரு என்றவர் 48.1. 2020 சனவரி 31இல் நாடு விலகிற்று. "நம் கடல் நமக்கே" என்று நம்பி, அந்நாட்டு மீனவரிலே பெரும்பாலோர் விலகும் பக்கம் நின்றார்கள். 2021 சனவரியிலே புதிய சுங்கத் தாள்கள் வந்தன. மீன் ஏற்றிய லாரிகள் தாமதித்தன. தாமதித்த மீனுக்கு என்ன விலை என்று கோவளத்து மீனவனைக் கேளுங்கள், சொல்லுவான். அந்த மாதமே கடலுணவு வணிகர்கள் லாரிகளை லண்டனுக்கே ஓட்டிச் சென்று, பிரதமர் மாளிகைக்குப் பக்கத்திலே நிறுத்தி முறையிட்டார்கள். "விலகலாமா?" என்று கேட்டவர்கள், விலகினால் மீன் எப்படிப் போகும் என்பதை முன்கூட்டி விளக்கவில்லை!

அங்கே அரைக் கேள்வியாவது கேட்டார்கள். இங்கே?

அரசியல் சட்டத்தைப் புரட்டுங்கள். அயல்நாட்டு ஒப்பந்தம் ஒன்றியப் பட்டியலிலே 14ஆம் இனம். வேளாண்மை மாநிலப் பட்டியலிலே 14ஆம் இனம். எண் ஒன்றுதான், ஆனால் அதிகாரம் ஒன்றல்ல! உழவும் பாலும் மாநிலத்தின் பொறுப்பு. அவற்றின் விலையை ஆட்டி வைக்கும் ஒப்பந்தமோ டெல்லியின் கையிலே. கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெறவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சேரும்போதும் கேட்பதில்லை, விலகும்போதும் கேட்பதில்லை. நாளை என்ன ஆகுமோ என்ற அச்சம் உழைப்பவன் உள்ளத்திலே வேறெப்படிப் பிறக்கும்? அறியாமையால் பிறந்த அச்சமல்ல அது, அறிவிக்காமையால் பிறந்த அச்சம்!

ஐரோப்பாவைவிட்டு விலகிய அதே பிரிட்டனோடு, 2025 சூலை 24இல் இந்தியா வாணிப ஒப்பந்தம் செய்தது. நம் துணிக்கு அங்கே வரி நீங்கும் என்கிறார்கள், மகிழ்ச்சி. அங்கிருந்து வரும் சரக்குக்கு இங்கே வரி குறையும்போது, எந்தப் பட்டறைக்கு என்ன ஆகும்? கணக்கு எங்கே?

ஆகவே தோழர்களே, திறந்த கதவுக்கும் நாம் அடிமையல்ல, சாத்திய கதவுக்கும் அடிமையல்ல. நாம் கேட்பவை மூன்று. கையெழுத்துக்கு முன்னே, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு ஆதாயம், எவ்வளவு இழப்பு என்ற கணக்கைத் தமிழிலே வையுங்கள். மாநிலத்தைக் கலந்து பேசுங்கள். வேலை இழப்பவனுக்கு மாற்று வேலை வரும்வரை சோறு போடும் ஏற்பாட்டை ஒப்பந்தத்தோடு சேர்த்தே அறிவியுங்கள்.

சங்கக் கூட்டத்திலே இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதுங்கள், உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் கையிலே கொடுங்கள். அடுத்த ஒப்பந்தம் வந்த பிறகு கேட்டால், அது முறையீடு. வருவதற்கு முன் கேட்டால், அது உரிமை!