பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறியில் வெள்ளைக் கோடுகள் ஏன்?

குடியாத்தம் கறிக்கடையில் போன்லெஸ் வாங்கும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில துண்டுகளில், சதை ஓடும் திசையிலேயே மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும். கழுவினாலும் போகாது. அது என்ன?

கொழுப்பும் நார்த்திசுவும்தான். அங்கே எப்படி வந்தன?

ஒரு தெருவில் வீடுகள் மாடிமேல் மாடியாக எழும்புகின்றன. குடிநீர்க் குழாய் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் எட்டுமா? கோழியின் நெஞ்சிலும் இதே கதைதான். சதை இழைகள் மளமளவென்று பருக்கின்றன. அவற்றுக்கு ஏற்ப நுண்ரத்தக் குழாய்கள் பெருகுவதில்லை. ஆக்சிஜன் போதாமல், கழிவும் தேங்கி, இழைகள் சிதைகின்றன. உடல் பழுதுபார்க்கிறது, ஆனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. செத்த இழைகளின் இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்கின்றன.

ஏன் இத்தனை அவசரம்? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். 56 நாளில் பழையது சுமார் 900 கிராம், புதியது 4.2 கிலோ! 'எல்லாம் ஊசி' என்பார்கள் நம்மூரில். தீவனமும் வளர்ப்பும் ஒன்றுதான் என்பதால், இந்த வித்தியாசம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கியதால் வந்தது.

இதோடு தொடர்புடைய ஒரு கோளாறில் நெஞ்சு கட்டைபோல் இறுகும். ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் இதை விவரித்தார்கள். இன்னொரு வகையில் சதை நூல் நூலாகப் பிரியும்.

சாப்பிடலாமா? கோடு போட்ட கறியால் நோய் வருவதாகத் தெரியவில்லை. கொழுப்பு சற்றுக் கூடுதல், புரதம் குறைவு. மசாலாவும் சரியாக ஊறாது. பிரியாணிக்காரர்களுக்கு அதுதான் பெரிய குறை!

எடை கூடக் கூடத்தான் இந்தக் கோளாறு கடுமையாகும். நம்மூரிலோ கோழி பெரும்பாலும் 2 கிலோவை ஒட்டியே கடைக்கு வந்துவிடுகிறது.