உட்கார்ந்து வாசிக்கும் உரிமை

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தாக வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. ஆரணியின் பட்டுக்கடைகளில் புடவை விரித்துக் காட்டுகிற பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு. அதே கடையில் எடுத்த கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு மணப்பெண் மணவறையில் உட்காரும்போது, பக்கத்தில் நாயனமும் தவிலும் வாசிக்கிறவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அவர்கள் யாருக்கும் நிரந்தர ஊழியர் இல்லையே!

அவர்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கொஞ்சம் கணக்குப் பாருங்கள். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. கோயிலிலிருந்து மண்டபம் வரை நடந்துகொண்டே வாசிப்பு. பட்டாசு வெடிக்கவும் வீடியோ எடுக்கவும் நடுத்தெருவில் நின்று நின்று வாசிப்பு. ராத்திரி வரவேற்பு. விடியற்காலையில் முகூர்த்தம். அது முடிந்த கையோடு அடுத்த ஊருக்குப் பேருந்து. ஆடி பிறந்தால் படவேடு ரேணுகாம்பாள் கோயிலைச் சுற்றிப் பம்பைக்காரர்களுக்கு ஓய்வே கிடையாது. கோடையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் விடிய விடியச் சாய்மானம் இல்லாத பெஞ்சில்.

தவிலை எடுத்துக்கொள்வோம். பலா மரத்தைக் குடைந்து செய்வது. முன்பு மூங்கில் வளையம் போட்டுத் தோல் வாரால் இழுத்துக் கட்டினார்கள். இப்போது இரும்பு வளையம், போல்ட், நட்டு. முடுக்குவது சுலபமாயிற்று, எடை கூடிவிட்டது. அந்த எடை முழுதும் தோளில் மாட்டிய ஒற்றைப் பட்டையில் தொங்குகிறது. ஒரு தோள் ஏறி, இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கி, முதுகெலும்பு வளைந்த நிலையிலேயே மனிதர் மைல் கணக்கில் நடக்கிறார். வலது கையில் கூடு மாட்டிய விரல்கள் மணிக்கட்டை உதறி உதறி அடிக்கின்றன. இடது கை கழியை இறுகப் பிடித்திருக்கிறது. பம்பையோ இரண்டு முழவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இடுப்போடு கட்டப்பட்டது. அதைச் சுமந்துகொண்டு குனிந்து அடிக்கும்போது கீழ்முதுகு வாங்கும் பாரம் சொல்லி மாளாது.

நாயனக்காரரின் தொல்லை வேறு. பாரி நாயனம் பழைய திமிரி நாயனத்தைவிட நீளம். கீழ்த் துளைகளை அடைக்க விரல்களை நன்றாக அகட்ட வேண்டும். கழுத்தை முன்னால் நீட்டி வாசிக்கும் பழக்கம் இருந்தால் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை பிடித்துக்கொள்ளும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. காற்றுக்குத் தடை அதிகமுள்ள கருவிகளை ஊதும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் சற்று நேரம் கூடுகிறது. ஓபோ, டிரம்பெட் வாசிக்கிறவர்களிடம் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நம் நாயனத்தின் சீவாளியைப் போலவே ஓபோவினுடையதும் இரட்டை நாக்குதான். அதனால் குளுக்கோமா இருக்கிற நாயனக்காரர் தன் தொழில் இன்னதென்று கண் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. கர்நாடக வயலினில் கருவியின் தலை வலது கணுக்காலில் ஊன்றியிருக்கிறது. இடது கை கமகத்துக்குத் தடையில்லாமல் ஓட வழி செய்த அருமையான ஏற்பாடு அது. ஆனால் இடுப்பும் முழங்காலும் மணிக்கணக்கில் மடங்கியே கிடக்கின்றன. ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழித்தறியில் காலை இறக்கி, மிதியை மிதித்துக்கொண்டு, பாவின்மேல் குனிந்தே வருடங்களைக் கழித்தவர் முதுகை நிமிர்த்தப் படும் பாட்டை இங்கே வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறார்கள். தறிக்காரர் முதுகுவலியைத் தொழிலால் வந்த வலி என்று ஊரே ஒப்புக்கொள்கிறது. மேளக்காரர் வலியை மட்டும் வயசு என்றும் வித்தைக்குக் கொடுக்கும் விலை என்றும் ஏன் தள்ளிவிடுகிறோம்?

அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் 2,212 பேரிடம் நடத்திய ஆய்வு 1988-இல் வெளிவந்தது. வாசிப்பையே பாதிக்கும் அளவுக்கு உடல் தொல்லை ஒன்றாவது இருப்பதாகச் சொன்னவர்கள் 76 சதவீதம். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, அரங்கத்துக்குள் வாசிக்கிறவர்கள்.

எதைக் கண்டு உஷாராக வேண்டும்? ராத்திரியில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையைப் பார்க்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் சரியாகச் செய்யும் விரல், வாசிக்கும்போது மட்டும் வலியே இல்லாமல் தானாக மடங்கினால், அது மூளை அனுப்பும் கட்டளையில் ஏற்படும் கோளாறு. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960-களில் வலது கையில் வந்தது இதுதான். இன்னும் கடுமையாகச் சாதகம் செய்து இதை வெல்ல முடியாது, செய்தால் முற்றும். மரத்துப்போன கையை உருவிவிடுவதும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குவதும் ஆபத்து. மாத்திரையால் வயிறும் சிறுநீரகமும் கெடும். இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது தவிலால் வந்த வலியாக இல்லாமல் போகலாம். கச்சேரியை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

காது தனிக் கதை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் பரிந்துரைத்த பாதுகாப்பு எல்லை இது. தவிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் தலைமாட்டிலேயே ஒலிபெருக்கிப் பெட்டியையும் வைத்தால் என்ன ஆகும்! லண்டன் ராயல் ஓப்பரா ஹவுஸில் 2012-இல் வாக்னர் ஒத்திகையின்போது பித்தளைக் கருவிகளுக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்ட வயோலாக் கலைஞர் ஒருவர் காது கெட்டு வழக்குப் போட்டார். 2018-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2019-இல் மேல்முறையீட்டிலும் நின்றது. கலைத்தரத்தைக் காரணம் காட்டி வேலை செய்கிறவர் காதைக் காக்கும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றது நீதிமன்றம். நம் நாட்டிலும் தொழிலாளர் இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் காது கேளாமை இருக்கிறது. ஆனால் அந்த இழப்பீட்டைக் கேட்க முதலாளி என்று ஒருவர் வேண்டும். கோயிலில் சம்பளத்துக்கு இருக்கும் நாயன, தவில் பணியாளர் இதைப் பற்றித் தொழிலாளர் துறையில் விசாரிக்கலாம். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் போகிறவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. இது பெரிய அநியாயம்.

ஒரு காலத்தில் நாயனக்காரர் பெரியவர்கள் முன் நின்றே வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) மேடையில் மற்ற வித்வான்களுக்குச் சமமாக உட்கார்ந்து வாசித்து, தன் தொழிலுக்கே மரியாதை வாங்கிக் கொடுத்தார். யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதை இந்த ஊர்களில் தீர்மானித்தது சாதியும் பழக்கமும்தான். உடம்புக்கு எது நல்லது என்று யாரும் கேட்டதில்லை. பம்பைக்காரருக்கும் பறைக்காரருக்கும் இன்னும் பல இடங்களில் ஒரு நாற்காலி நீட்டப்படுவதில்லை.

மேளக்காரர்களே, அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிடுங்கள். எத்தனை மணி நேரம், ஊர்வலம் எவ்வளவு தூரம், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி, மண்டபத்தில் நாற்காலி, ஒலிபெருக்கியைத் தள்ளி வைக்க வேண்டும் என்பதை வாட்ஸாப்பில் எழுதி அனுப்பினாலே பிற்பாடு சாட்சி ஆகும். மேளம் பேச வரும் பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். சமையல்காரர் அடுப்பும் தண்ணீரும் கேட்டால் கொடுக்கிறோம் அல்லவா? தவில்காரர்கள் இரண்டு தோளுக்கும் பாரம் பிரியும்படி அகலமான பட்டை தைத்துப் போட்டுப் பார்க்கலாம். மண்டபத்துக்குள் தவிலை மடியிலோ தாங்கியிலோ இறக்கிவிடலாம்.

கூத்து, பம்பை, பறை, நையாண்டி மேளக் கலைஞர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். விபத்து, மரணம், பிள்ளைகள் படிப்பு, மூக்குக் கண்ணாடி போன்றவற்றுக்கு உதவி உண்டு. விண்ணப்பம் கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் கிடைக்கும். நலிந்த முதிய கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாத நிதி இருக்கிறது. காது கேட்பது நிரந்தரமாகக் குறைந்தவர் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சான்று கேட்கலாம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரணி அரசு மருத்துவமனையில் காட்டும்போது, அங்கிருந்து திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ அனுப்பினால் அங்கேயும், கருவியைக் கையோடு கொண்டுபோய் எப்படிப் பிடிக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் சுமக்கிறீர்கள் என்று காட்டுங்கள். "கைவலி" என்று மட்டும் சொன்னால் சீட்டில் மாத்திரை மட்டும்தான் எழுதப்படும்.