கடல் கடந்த குரலும் கட்டணமும்



தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரமே. ஆயினும், தொலைபேசிக் கணக்கில் அது அயல்நாடு. 1990 இல் படகேறித் தமிழகம் சென்றவர்களின் உறவினரும், வளைகுடா நாடுகளில் உழைப்போரின் பெற்றோரும் மன்னார்க் கரையோரம் எங்கணும் உளர். அவர்களுக்குத் தொலைபேசி ஆடம்பரமன்று. சிதறிய குடும்பத்தைப் பிணைக்கும் கயிறு. ஆதலின், எந்நிறுவனத்தின் சேவையைக் கொள்வது என்பதை ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

முன்னர் இத்தெரிவுக்கே இடமிருக்கவில்லை. வெளிநாட்டு அழைப்பு ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தின் தனியுரிமையாயிருந்தது. 2002 இல் அவ்வுரிமை முடிவுற்றது. 2003 இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பிற நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்கியது. போட்டி பிறந்தது; கட்டணமும் குறைந்தது.

தெரிவு செய்யுங்கால் முதலில் நோக்கத்தக்கது, கட்டணத்தை அளக்கும் முறை. ஒரு நிறுவனம் நிமிடத்துக்கு 20 ரூபா எனவும், மற்றொன்று 24 ரூபா எனவும் அறவிடுவதாக வைத்துக்கொள்வோம். முன்னையது முழு நிமிடமாகவே கணக்கிடுகிறது. பின்னையது வினாடிக் கணக்கில் அளக்கிறது. 65 வினாடி பேசினால் முன்னையதற்கு 40 ரூபா. பின்னையதற்கு 26 ரூபா மட்டுமே. ஆனால், 10 நிமிடம் பேசினாலோ முன்னையதற்கு 200, பின்னையதற்கு 240. எனவே, சுகம் விசாரித்து உடன் வைப்போருக்கு ஒன்று நன்று. நெடுநேரம் உரையாடுவோருக்கு மற்றொன்று நன்று. வரி சேர்ந்த கட்டணமா, சேராத கட்டணமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, நம் வீட்டு முற்றத்தில் அலை தெளிவாகக் கிடைக்கிறதா என்பது. குரல் எட்டாத இடத்தில் மலிவால் பயனில்லை. அயலவரின் கைத்தொலைபேசியில் ஒருமுறை பேசிப் பார்த்தால் உண்மை புலனாகும்.

மூன்றாவது, கரையோரத்தார்க்குரிய எச்சரிக்கை. கடலுக்கு அப்பாலுள்ள கோபுரத்தின் அலையைக் கைத்தொலைபேசி தானாகப் பற்றிக்கொள்ளவுங்கூடும். அப்போது உள்ளூரில் நின்று பேசினும் வெளிநாட்டிலிருந்து பேசியதாகவே கட்டணம் ஏறும். திரையில் தெரியும் நிறுவனத்தின் பெயரைப் பார்த்த பின்னரே எண்ணை அழுத்துக.

இணையவழி அழைப்பு இன்று மலிவானதே. எனினும், இரு புறத்தாரிடமும் இணைய வசதி இருந்தாலன்றி அது பயன்படாது. நள்ளிரவில் நோய்ச் செய்தி சொல்ல நேரின், சாதாரண அழைப்பே கைகொடுக்கும். அதற்கெனச் சிறுதொகையைக் கணக்கில் எப்போதும் இருப்பில் வைத்தல் விவேகம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர் பெரியோர். அளந்து செலவிடுவோர், மாத முடிவிலும் பிள்ளையின் குரலைக் கேட்பர்.