கொட்டகைக்கு கரன்ட்: ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்!

'வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி மாட்டுக்கொட்டகை. தீவனம் நறுக்கும் இயந்திரத்தை மாட்டினால் மோட்டார் உறுமுகிறது, சுற்ற மறுக்கிறது' என்கிறார் வாசகர் ஒருவர். மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் ஒயரைப் பாருங்கள்.

2 ஹெச்.பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதுபோல ஐந்து மடங்கு. பல்புக்காக இழுத்த 1.5 சதுர மி.மீ செம்பு ஒயர் என்றால், அந்த நொடியில் சுமார் 70 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டார் சூடாகிக் கருகுவது இதனால்தான். 6 சதுர மி.மீ ஒயரில் இழப்பு 20 வோல்ட் அளவில் நின்றுவிடும். விலை கூடுதல்தான், மோட்டார் காயில் கட்டும் செலவையும் நினைத்துப் பாருங்கள்.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மீட்டருக்குப் பக்கத்திலேயே கொட்டகை லைனுக்குத் தனி எம்.சி.பி-யும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி-யும் வேண்டும். கொட்டகைக்குத் தனி எர்த் குழியும் போடச் சொல்லுங்கள்.

இதில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. ஈரத்தரையில் நான்கு காலையும் ஊன்றி நிற்கிறது மாடு, செருப்பும் கிடையாது. நமக்குச் சுருக்கென்று படும் கசிவிலேயே அது விழுந்துவிடும். ஆர்.சி.சி.பி-யில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டிரிப் ஆகவில்லையென்றால், அன்றைக்கே மாற்றுங்கள்.