தோல் வெளிர்ப்புக் களிம்பு

தோல் வெளிர்ப்புக் களிம்பு என்பது தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமியின் அளவைக் குறைப்பதற்காகப் பூசப்படும் மேற்பூச்சுப் பொருள் ஆகும். மருத்துவத்தில் இது முகம், கழுத்து, கைகள் ஆகியவற்றில் தோன்றும் கருந்திட்டுகளைக் குறைக்கப் பயன்படுகிறது. சிவப்பழகு கிரீம் என்ற பெயரில், முகம் முழுவதன் நிறத்தையும் மாற்றும் என்று கூறி விற்கப்படுபவையும் இவ்வகையில் அடங்கும். இவ்விரு பயன்பாடுகளும் வெவ்வேறானவை. சில மருந்துகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பூசினால் சிலவகைக் கருந்திட்டுகள் குறைகின்றன என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. ஆனால் பிறப்பில் அமைந்த நிறத்தைத் தீங்கின்றி நிலையாக மாற்றும் களிம்பு எதுவும் இல்லை. விரைவாக வெளுப்பூட்டும் களிம்புகள் சிலவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

தோல் நிறம் உருவாகும் முறை

மேற்றோலின் அடியடுக்கில் நிறமி உயிரணுக்கள் அமைந்துள்ளன. இவற்றில் உள்ள தைரோசினேசு என்னும் நொதி, தைரோசின் என்ற அமினோ அமிலத்தைப் பல படிகளில் மெலனினாக மாற்றுகிறது. உருவான நிறமி, மெலனோசோம் எனப்படும் நுண்பைகளில் அடைக்கப்பட்டு அருகிலுள்ள தோல் உயிரணுக்களுக்குச் செல்கிறது. அங்கு அது உயிரணுக் கருவின் மேல் குடைபோலக் கவிந்து, புறவூதாக் கதிர்களிலிருந்து மரபுப்பொருளைக் காக்கிறது. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே ஆகும். நுண்பைகளின் அளவு, எண்ணிக்கை, அவை பரவியுள்ள முறை ஆகியவையே நிற வேறுபாட்டுக்குக் காரணம்.

கருந்திட்டுகளின் வகைகள்

மூக்கின் மேல் அடைபட்ட துளைகளால் தோன்றும் கருமுனைகளையும் பேச்சு வழக்கில் கரும்புள்ளி என்பர். அவற்றுக்கும் நிறமி மிகுதிக்கும் தொடர்பில்லை. நிறமி மிகுவதால் தோன்றும் திட்டுகளுள் முதன்மையானவை பின்வருமாறு:

- மங்கு: கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் இருபுறமும் படரும் பழுப்புநிறத் திட்டு. பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. கருவுற்றிருத்தல், கருத்தடை மாத்திரை, வெயில், குடும்ப வழி ஆகியன இதனுடன் தொடர்புடையவை.
- அழற்சிக்குப் பிந்தைய கருமை: முகப்பரு, கரப்பான், தீக்காயம், பூச்சிக்கடி முதலியவை ஆறிய இடத்தில் எஞ்சும் கருமை. கறுத்த தோலில் இது எளிதில் தோன்றி நெடுநாள் நீடிக்கும்.
- வெயிற்புள்ளிகள்: பல ஆண்டுகள் வெயில்பட்டதன் விளைவாக நடுவயதுக்குப் பின் முகத்திலும் புறங்கையிலும் தோன்றுபவை.

நிறமி எந்த ஆழத்தில் உள்ளது என்பதும் முக்கியமானது. மேற்றோலில் உள்ள நிறமி பழுப்பாகத் தெரியும். களிம்புக்கு ஓரளவு இணங்கும். அடித்தோலுக்குள் இறங்கிவிட்ட நிறமி சாம்பல் அல்லது நீலச் சாயலுடன் தெரியும். களிம்பால் அது எளிதில் குறைவதில்லை. ஒரே களிம்பு ஒருவருக்குப் பயன் தந்து மற்றொருவருக்குப் பயன் தராமல் போவதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

பயன்படும் பொருட்கள்

ஐதரோகுயினோன்

தைரோசினேசு நொதியைத் தடுக்கும் பொருட்களுள் மிகுதியாக ஆராயப்பட்டது இதுவே. 1930களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில், ரப்பர் கையுறை அணிந்த தொழிலாளர்களின் கைகள் திட்டுத்திட்டாக நிறமிழந்தன. கையுறையில் சேர்க்கப்பட்டிருந்த, ஐதரோகுயினோனின் வழிப்பொருள் ஒன்றே அதற்குக் காரணம் என்று அறியப்பட்டது. இவ்வகைப் பொருட்கள் தோலின் நிறத்தைப் பாதிக்கும் என்பது இவ்வாறு தெரியவந்தது. மருத்துவத்தில் ஐதரோகுயினோன் பொதுவாக 2 முதல் 4 விழுக்காடு செறிவில், சில மாதங்களுக்கு மட்டும் பயன்படுத்தப்படுகிறது. தோல்வழி உடலுக்குள் கணிசமான அளவு உறிஞ்சப்படுவதால் கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

முக்கூட்டுக் களிம்பு

1975இல் கிளிக்மன், வில்லிசு ஆகிய இரு அமெரிக்க மருத்துவர்கள் ஐதரோகுயினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்த மருந்தை வெளியிட்டனர். இதன் மாற்றியமைக்கப்பட்ட வடிவம், மங்கு நோய்க்கான குறுகியகால மருந்தாக 2002இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதில் 4 விழுக்காடு ஐதரோகுயினோனும், 0.05 விழுக்காடு டிரெட்டினோயினும், 0.01 விழுக்காடு புளோசினோலோன் என்னும் ஸ்டீராய்டும் உள்ளன. 2003இல் வெளியான, 641 பேர் பங்கேற்ற ஆய்வில், எட்டு வாரங்களில் முக்கூட்டுக் களிம்பைப் பூசியவர்களுள் 26.1 விழுக்காட்டினருக்கு மங்கு முற்றிலும் மறைந்தது. இரு மருந்துகள் மட்டும் கலந்த களிம்புகளைப் பூசியவர்களுள் இது அதிக அளவாக 4.6 விழுக்காடே ஆகும். மிகச் சிறந்த பலன் தரும் மருந்தாகக் கருதப்படும் இதுவும் நால்வரில் ஒருவருக்கே எட்டு வாரங்களில் முழுப்பலன் தந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அசெலாயிக் அமிலம்

தேமலை உண்டாக்கும் பூஞ்சை, தோலில் வெளிறிய திட்டுகளை ஏன் ஏற்படுத்துகிறது என்பதை 1970களில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, இவ்வமிலத்தின் நிறமித்தடுப்புப் பண்பு வெளிப்பட்டது. பருவையும் பருவால் ஏற்பட்ட கருமையையும் ஒருசேரக் குறைக்க இது உதவுகிறது. தொடக்கத்தில் எரிச்சலும் அரிப்பும் தோன்றலாம். மருத்துவர் அறிவுரையுடன் கருவுற்ற காலத்திலும் இதனைப் பயன்படுத்துவர்.

பிற பொருட்கள்

உயிர்ச்சத்து பி3இன் வடிவமான நியாசினமைடு, மெலனின் உருவாவதைத் தடுக்காமல், நுண்பைகள் பிற உயிரணுக்களுக்குச் செல்வதைக் குறைக்கிறது. இந்துசுதான் லீவர் நிறுவனம் 1975இல் அறிமுகப்படுத்திய 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு இப்பொருளை அடிப்படையாகக் கொண்டது. அக்களிம்பின் பெயர் 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என மாற்றப்பட்டது. நியாசினமைடின் தீங்கு குறைவு; பலனும் மிதமானதே. பூஞ்சைகளிலிருந்து கிடைக்கும் கோஜிக் அமிலம், சில தாவரங்களில் உள்ள ஆர்புட்டின், உயிர்ச்சத்து சி ஆகியனவும் பயன்படுகின்றன. இவற்றின் பலனும் மிதமானது என்பதோடு, கோஜிக் அமிலம் சிலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்துவதுண்டு.

வெயிற்காப்பின் இன்றியமையாமை

வெயில் நிறமி உயிரணுக்களை மீண்டும் மீண்டும் தூண்டுகிறது. ஆகையால் வெயிற்காப்பு இன்றிப் பூசப்படும் எந்தக் களிம்பின் பலனும் நிலைப்பதில்லை. கறுத்த தோலில் புறவூதாக் கதிர்கள் மட்டுமன்றிக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் கருமையைத் தூண்டுகிறது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமூட்டப்பட்ட வெயிற்காப்புக் களிம்புகள் இவ்வொளியையும் தடுப்பதால் மங்கு உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. குடை, அகன்ற விளிம்புள்ள தொப்பி, நண்பகல் வெயிலைத் தவிர்த்தல் ஆகியவை செலவில்லாத அல்லது செலவு குறைந்த வழிகள் ஆகும்.

பலனின் எல்லைகள்

மேற்றோல் முழுமையாகப் புதுப்பிக்கப்படச் சில வாரங்கள் ஆகின்றன. அதனால் முறையான மருந்தின் பலன் தெரியவும் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவைப்படும். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் அது ஐயத்துக்குரியது. அழற்சிக்குப் பிந்தைய கருமை, மூலநோய் கட்டுப்படுத்தப்பட்டால் மருந்தின்றியும் மாதக்கணக்கில் மெல்லக் குறையலாம். மங்கு மறைந்த பின்னும் திரும்ப வரும் இயல்புடையது.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் செல்வது தோலில் அழற்சியை ஏற்படுத்திக் கருமையை மிகுவிக்கக்கூடும். அழகு நிலையங்களில் பூசப்படும் பிளீச், முகத்திலுள்ள பூனைமயிரை வெளுக்கச் செய்வதால் முகம் வெளிறியதுபோல் தோன்றுகிறது. கருந்திட்டுகளுக்கு அது மருந்தன்று.

தீங்குகள்

பாதரசம்

பாதரச உப்புகள் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் மலிவான வெளிர்ப்புக் களிம்புகளில் சேர்க்கப்படுகின்றன. தோல்வழி உடலில் சேரும் பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்குகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை சவ்வுச் சிறுநீரக நோய் கண்டறியப்பட்ட 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு நெல்-1 என்னும் புரதத்துடன் தொடர்புடைய, அரிதான நோய்வகை காணப்பட்டது. அந்த 15 பேருள் 13 பேர், அறிகுறிகள் தோன்றுமுன் சிவப்பழகுக் களிம்பு பூசிவந்ததாகத் தெரிவித்தனர். சிறுநீரில் நுரை, கால் வீக்கம், முக வீக்கம் ஆகியவை இத்தகைய பாதிப்பின் அறிகுறிகள் ஆகும்.

பாதரசம் பூசியவரோடு நின்றுவிடுவதில்லை. கை, துவாலை, தலையணை ஆகியவற்றின் வழியாகவும் ஆவியாகவும் வீட்டில் உள்ள பிறரையும் அது சேர்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் 2010இல் நடந்த ஆய்வில், களிம்பையே தொடாத குடும்ப உறுப்பினர்களின் உடலிலும் பாதரசம் மிகுந்திருந்தது கண்டறியப்பட்டது.

ஸ்டீராய்டு

ஸ்டீராய்டு களிம்புகள் தோல் அழற்சிக்கான மருந்துகள். தொடக்கத்தில் இவை முகத்தை வெளிறச் செய்து மினுமினுப்பாக்குவதால், பலர் அறிவுரையின்றிப் பல மாதங்கள் பூசுகின்றனர். நாளடைவில் தோல் மெலிகிறது, நுண்ணிய குருதிக்குழாய்கள் வெளித் தெரிகின்றன, பரு மிகுகிறது, பெண்களின் முகத்தில் மயிர் வளர்கிறது. பூசுவதை நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது. அந்த எரிச்சலைத் தணிக்க மீண்டும் அதையே பூசுவதால் பயனர் அதற்கு அடிமையாகிறார். இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், முகத் தோல் சிக்கல்களுடன் வந்த 2,926 பேருள் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தது தெரியவந்தது.

ஐதரோகுயினோன் மிகைப் பயன்பாடு

ஐதரோகுயினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால், ஓக்ரோனோசிசு எனப்படும் நீலங்கலந்த கருமை தோலில் படியலாம். 1975இல் தென்னாப்பிரிக்காவில் இது விரிவாகப் பதிவு செய்யப்பட்டது. கருமை மிகுவதைக் கண்டு மேலும் களிம்பு பூசுவோருக்கு நிலைமை மோசமாகிறது. நீக்க முயன்ற கருமையைவிடக் கடுமையான இக்கருமையைப் போக்குவது மிகக் கடினம்.

நிறமிழப்பு

ஒப்புதல் பெற்ற பொருளும் தீங்கு செய்யக்கூடும் என்பதற்குச் சப்பானில் நிகழ்ந்த ரோடோடென்ட்ரோல் நிகழ்வு சான்றாகும். 2008இல் அரசு ஒப்புதல் பெற்ற இப்பொருள் சேர்ந்த களிம்புகளைப் பூசியவர்களுள் 18,000க்கும் மேற்பட்டோருக்கு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெண்திட்டுகள் தோன்றின. 2013இல் அக்களிம்புகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

சட்டக் கட்டுப்பாடுகள்

ஐதரோகுயினோன் கலந்த அழகுப் பொருட்களைத் தென்னாப்பிரிக்கா 1990இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தோல் வெளிர்ப்பு அழகுப் பொருட்களில் அதனைச் சேர்ப்பது 2001 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 2020 முதல் மருத்துவரின் சீட்டின்றி அதனை விற்க இயலாது. இந்தியாவில் 2018 மார்ச்சில் வெளியான அறிவிக்கையின்படி, 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளைச் சீட்டின்றி விற்பதற்கு இருந்த விலக்கு நீக்கப்பட்டது.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகள் பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள தோல் வெளிர்ப்புப் பொருட்களை 2020க்குள் ஒழிக்க வகைசெய்தது. 2023இல் அந்த வரம்பும் நீக்கப்பட்டு, 2025க்குள் பாதரசம் சேர்த்த எல்லா அழகுப் பொருட்களையும் ஒழிக்க முடிவு செய்யப்பட்டது.

வாங்கும்போதும் பூசும்போதும் கவனிக்க வேண்டியவை

- உட்பொருட்களின் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண் ஆகியவை இல்லாத களிம்பைத் தவிர்த்தல் வேண்டும்.
- பாதரசம், மெர்க்குரி, கலோமெல் என்ற சொற்களோ, தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்ற எச்சரிக்கையோ இருந்தால் அதில் பாதரசம் இருப்பதாகக் கருதலாம். சொற்கள் இல்லாததாலேயே அது பாதுகாப்பானது என்று கொள்ள இயலாது.
- பெட்டமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியன ஸ்டீராய்டுகளின் பெயர்கள் ஆகும். இவற்றுள் ஒன்றேனும் உள்ள களிம்பை மருத்துவர் கூறிய காலத்துக்கு மேல் முகத்தில் பூசலாகாது.
- நெடுநாள் பூசிய ஸ்டீராய்டு களிம்பை நிறுத்துவதற்கும் மருத்துவரின் உதவி தேவை.
- எரிச்சலும் அழற்சியுமே புதிய கருமையை உண்டாக்கும் என்பதால், புதிய களிம்பை முதலில் முன்கையில் சிறிதளவு பூசிப் பார்ப்பது நன்று.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

எல்லாக் கருமையும் களிம்புக்குரியதன்று. கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணிபோல் தடித்துத் தோன்றும் கருமை, இன்சுலின் எதிர்ப்பின் அறிகுறியாக இருக்கலாம். இந்நிலையில் குருதிச் சர்க்கரைப் பரிசோதனையும் உடல் எடைக் குறைப்புமே முதன்மையானவை; அழுக்கென்று கருதித் தேய்ப்பதால் கருமை கூடவே செய்யும். புதிதாகத் தோன்றி வளரும், விளிம்பு ஒழுங்கற்ற, நிறம் மாறும் அல்லது குருதி கசியும் கரும்புள்ளி தோல் புற்றுநோயாக இருக்கலாம். கறுத்த தோலுடையவர்களுக்கு மெலனோமா என்னும் புற்றுநோய் அரிது. எனினும் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோன்றுகிறது. இத்தகைய புள்ளிகளின் மேல் வெளிர்ப்புக் களிம்பு பூசிக் காத்திருப்பது நோயறிதலைத் தாமதப்படுத்தும்.